பாட்டி முடிந்து வைத்த வெள்ளி ரூபாய்: "கிரேடு" போட்டால் லாபமா, நஷ்டமா?

100 வருஷத்துக் காசு என்றாலே லட்சமா? செலவு செய்யும் முன் கணக்குப் போடுங்கள்!

பழைய வெள்ளி ரூபாய் ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா?

கிடந்தால், யோசனை சொல்ல இரண்டு பேர் கட்டாயம் வருவார்கள்.

ஒருவர், "இது வெறும் வெள்ளிதானே சார், போட்டு உருக்கிடுங்க" என்பார்.

இன்னொருவர், "அடேயப்பா! ஜார்ஜ் மன்னர் காசு! அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு வாங்கினா லட்சத்துக்குப் போகும்" என்பார்.

இரண்டு பேர் பேச்சையும் அப்படியே நம்பி விடக்கூடாது. முதல் ஆள் பேச்சைக் கேட்டால் நல்ல காசு அடுப்பில் போய்விடும். இரண்டாவது ஆள் பேச்சைக் கேட்டால் கைப்பணம் போய்விடும். சமயத்தில் போலீஸ், கோர்ட்டு என்றும் அலைய நேரும்!

எப்படி? விவரம் வருமாறு:-

கிரேடு என்றால் என்ன?

நகைக்கடையில் தங்கத்தை உரைத்துப் பார்ப்பது போல, நாணயத்தைப் பார்த்து நம்பர் போடும் தொழில் இது.

நாணயத்தை ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே உள்ள நிபுணர்கள் விளக்கு வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அசலா, போலியா என்று முதலில் முடிவு செய்வார்கள். அசல் என்றால் தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாவற்றையும் பார்த்து 1 முதல் 70 வரை ஒரு நம்பர் கொடுப்பார்கள்.

பிறகு நாணயத்தைக் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி விடுவார்கள். பெட்டியில் நம்பரும், வரிசை எண்ணும் அச்சடித்த சீட்டு இருக்கும். உடைத்தால்தான் வெளியே எடுக்க முடியும்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இரண்டு கம்பெனிகள் பெரியவை. பி.சி.ஜி.எஸ். என்ற கம்பெனி 1986-லும், என்.ஜி.சி. என்ற கம்பெனி 1987-லும் தொடங்கப்பட்டன. உலகம் பூராவும் இருந்து நாணயங்கள் அங்கே போகின்றன.

70 எங்கிருந்து வந்தது?

100-க்கு மார்க் போடாமல் 70-க்குப் போடுவானேன்?

வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-ல் வெளியிட்ட புத்தகம்தான் காரணம். அமெரிக்காவின் பழைய செம்புக் காசான பெரிய சென்ட்டுக்கு அவர் ஒரு அளவுகோல் வகுத்தார். அடையாளம் தெரியாமல் தேய்ந்து போன காசு ஒரு டாலர் பெறும் என்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் இருந்தால் 70 டாலர் பெறும் என்பது அவர் கணக்கு.

ஆக, அந்த நம்பர் முதலில் விலையாகத்தான் பிறந்தது. இன்று அது நிலைமையைச் சொல்லும் மார்க் மட்டுமே.

60-ம் அதற்கு மேலும் என்றால், யார் கையிலும் புழங்காத காசு. 50 முதல் 58 வரை என்றால், லேசாகப் புழங்கியது. 40, 45 என்றால் நல்ல நிலைமை. 20 முதல் 35 வரை என்றால் கடைத்தெருவில் நன்றாக அடிபட்ட காசு. அதற்குக் கீழே போகப் போகத் தேய்மானம் அதிகம்.

நம் வீடுகளில் கிடக்கும் வெள்ளி ரூபாயில் பெரும்பாலானவை சந்தைக்குப் போய் வந்தவைதான். சுருக்குப் பையில் மற்ற காசுகளோடு உரசி உரசித் தேய்ந்தவைதான். புழங்காத காசு நூற்றில் ஒன்று அகப்பட்டாலே அதிர்ஷ்டம்.

40 கோடி ரூபாய்!

பெட்டியில் இருக்கும் காசு அபூர்வமா, சாதாரணமா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வயது முக்கியம் அல்ல.

உதாரணத்துக்கு 1918-ம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை. மறுபக்கம் "ஒன் ருபீ இந்தியா 1918" என்று ஆங்கில எழுத்து. பலர் வீட்டில் இருப்பது இதுதான்.

100 ஆண்டைத் தாண்டிய காசுதான். ஆனால் 1918-ல் மட்டும் கல்கத்தா, பம்பாய் இரண்டு நாணயச் சாலைகளிலும் சேர்த்து 40 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள்!

ஏன் இத்தனை? முதல் உலகப் போர்தான் காரணம்.

போருக்காக இந்தியாவில் ஏராளமாகச் சரக்கு வாங்கினார்கள். சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஜனங்களோ காகித நோட்டை நம்பவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக மாற்றிப் பதுக்கினார்கள். சர்க்கார் கையில் வெள்ளி கரைந்தது. சமாளிப்பதற்காகத்தான் 1917 நவம்பர் 30-ந்தேதி ஒரு ரூபாய் நோட்டையே வெளியிட்டார்கள்.

அதுவும் போதவில்லை. அமெரிக்காவிடம் கையேந்தினார்கள். 1918 ஏப்ரலில் அங்கே "பிட்மன் சட்டம்" வந்தது. கஜானாவில் இருந்த வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை அமெரிக்கா உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவின் ரூபாய்த் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது.

கப்பல் ஏறி வந்த அந்த வெள்ளிதான் இங்கே ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாயாக மாறியது.

உருக்கிய டாலருக்கு ஈடு கட்ட அமெரிக்கா 1921-ல் மறுபடியும் வெள்ளி டாலர் அடித்தது. "மார்கன் டாலர்" என்று பெயர். அந்த ஒரே வருஷத்தில் 8 கோடிக்கு மேல்! அங்கேயும் தாத்தா பெட்டியில் 1921 டாலரைப் பார்த்து விட்டு, "கிரேடு போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஊர் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

"மெட்ராஸ் மின்ட்" கதை

"இது மெட்ராஸ் தங்கசாலையில் அடிச்சது சார், ரொம்ப அபூர்வம்" என்று சிலர் ஜார்ஜ் ரூபாயை நீட்டுவது உண்டு.

சுத்தப் புளுகு!

சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த நாணயச் சாலை 1869-லேயே மூடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910-ல். மூடிப்போன சாலையில் அவர் காசை யார் அடிப்பது?

கல்கத்தாவா, பம்பாயா என்று கண்டுபிடிப்பது சுலபம். மறுபக்கத்தில் அடியில் தாமரைப் பூ இருக்கும். அதன் கீழே ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டு இருந்தால் பம்பாய். இல்லாவிட்டால் கல்கத்தா. 1918-ஐப் பொறுத்தவரை இரண்டுமே சாதாரணம்தான்.

வெள்ளி விலை என்ன?

இந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதாவது சரியாக ஒரு தோலா. பழைய காலத்தில் கடைகளில் "ஒரு ரூபாய் எடை" என்று சொன்னது இதைத்தான்.

12 பங்கில் 11 பங்கு வெள்ளி. கணக்குப் பார்த்தால் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம்.

இன்றைய வெள்ளி விலையைப் பாருங்கள். ஒரு கிராம் விலையை 10.69-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ரூபாயின் அடிமட்ட விலை. கடைக்காரர் உருக்கும் சேதாரம் என்று கொஞ்சம் கழிப்பார். அதற்கும் கீழே கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ரூபாயும் இப்படி இல்லை. 1940 முதல் 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-ல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல்!

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அது சரியான காசுதான். 1918 ரூபாய் ஒட்டினால் அது போலி.

அக்கா-தம்பி கணக்கு

இப்போது விஷயத்துக்கு வரலாம்.

அம்மா காலமான பிறகு பெட்டியைத் திறக்கிறார்கள். 1918 ரூபாய் 10 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, ஆளுக்கு அஞ்சா பிரிச்சுக்கலாம்" என்கிறான் தம்பி.

"இருடா, பத்தையும் கிரேடு போட்டு வித்தா நிறைய வரும்னு உங்க மாமா சொல்றாரு. அப்புறம் பணமா பிரிச்சுக்கலாம்" என்கிறாள் அக்கா.

"செலவு யாரு பண்றது?"

"அதையும் பாதி பாதி போட்டுக்கலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு?

கீழே வருபவை கணக்குக்காக வைத்த எண்கள். சந்தை விலை அல்ல.

கிரேடு போடாமல் விற்றால் ஒரு காசு 3 ஆயிரம் ரூபாய். பத்துக்கு 30 ஆயிரம்.

கிரேடு போட ஒரு காசுக்குக் கட்டணம், தபால், இன்ஷூரன்ஸ், ஏஜெண்டு கமிஷன் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். பத்துக்கு 45 ஆயிரம்.

பத்தில் ஒன்று உயர்ந்த நம்பர் வாங்கி 10 ஆயிரத்துக்குப் போகிறது. மற்ற ஒன்பதும் நடுத்தர நம்பர். ஆளுக்கு 4 ஆயிரம். ஆக மொத்தம் 46 ஆயிரம்.

30 ஆயிரம் 46 ஆயிரம் ஆயிற்று. கூடுதலாக வந்தது 16 ஆயிரம். அதற்குச் செய்த செலவு 45 ஆயிரம். நஷ்டம் 29 ஆயிரம்!

"ஒண்ணு பத்தாயிரத்துக்குப் போச்சு" என்று ஊரெல்லாம் பேசுவார்கள். கையை விட்டுப் போன 29 ஆயிரம் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஒரே கேள்வி

அதனால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி.

பெட்டியில் போட்ட காசு விலையில் இருந்து, போடாத காசு விலையைக் கழியுங்கள். வருகிற தொகை, கிரேடு போடும் முழுச் செலவைவிட நன்றாக அதிகமா?

ஆம் என்றால் யோசிக்கலாம். இல்லை என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இதில் இரண்டு இடத்தில் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, விலை. விற்பவர் கேட்கும் விலை வேறு. உண்மையில் கைமாறிய விலை வேறு. லட்சம் என்று யாரும் எழுதி வைக்கலாம். ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த பிறகு எந்தக் காசு எவ்வளவுக்குப் போயிற்று என்று வெளியிடுவது உண்டு. அதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் அதே வருஷம், அதே நம்பர் உள்ள காசின் விலையைப் பார்க்க வேண்டும். 65 நம்பர் காசு விலையைப் பார்த்து விட்டு 30 நம்பர் காசை வைத்துக்கொண்டு கனவு காணக்கூடாது.

இரண்டாவது, நம்பர். "நம்ம காசு சும்மா ஜோரா இருக்கு, 64 கிடைக்கும்" என்று எல்லோருக்கும் தோன்றும். நிபுணர் கண்ணுக்கு அது 45 ஆக இருக்கும். நம்பர் என்பது நிபுணர்களின் கருத்துதான். ஒரே காசு இரண்டாவது தடவை போனால் வேறு நம்பர் வாங்கி வருவதும் உண்டு.

தேய்மானம் பார்ப்பது எப்படி?

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு பூதக்கண்ணாடியும், ஒரு டேபிள் விளக்கும் போதும்.

ஜார்ஜ் மன்னரின் கிரீடத்து மேல்பகுதி, காது, தாடி, மேலங்கியில் உள்ள யானை ஆகியவைதான் மேடான இடங்கள். முதலில் தேய்வதும் இவைதான்.

காசை விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசில் ஒரு வெளிச்சம் சக்கரம் போல் சுற்றி வரும். மேடான இடங்களில் அந்த வெளிச்சம் அறுந்து, மங்கலாகத் தெரிந்தால் காசு புழங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

காசை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். நடுவில் விரல் பட்டால் ரேகை விழும்.

தரையில் போட்டு "டங்" என்ற சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். ஓரம் நசுங்கி விடும்.

திருநீறு போட்டுத் தேய்க்காதே!

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு இதுதான்.

தீபாவளிக்கு, லட்சுமி பூஜைக்கு என்று வெள்ளிக் காசை எடுப்பார்கள். கறுத்திருக்கிறதே என்று திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்ப்பார்கள். சிலர் பற்பசை. சிலர் புளி. பிறகு மஞ்சள், சந்தனம், குங்குமம்.

பூஜைக்கு அது சரி. கிரேடுக்கு அது முடிவு!

தேய்த்த காசில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல்கள் ஆயிரம் விழும். பூதக்கண்ணாடியில் எல்லாம் தெரியும். அப்படிப்பட்ட காசுக்குக் கம்பெனி 1 முதல் 70-க்குள் நம்பர் கொடுக்காது. "அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும். கட்டணம் மட்டும் போனது போனதுதான்.

காலப்போக்கில் தானாகக் கறுத்த வெள்ளியை நாணயப் பிரியர்கள் விரும்புகிறார்கள். அந்தக் கறுப்பு, தோல் மாதிரி. உரித்தால் திரும்ப வராது.

காசு மாலைக்காகவோ, பித்தானுக்காகவோ வளையம் பற்ற வைத்த காசுக்கும் இதே கதிதான். ஆசாரியிடம் கொடுத்து வளையத்தை எடுத்து விட்டாலும் தழும்பு போகாது. அந்தக் காலத்து ஷராப்புகள் வெள்ளி சோதிக்கப் போட்ட உளிக்குறி இருந்தாலும் மதிப்புக் குறைவு.

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், சாதாரண வருஷத்துக் காசுக்கு கிரேடு என்ற பேச்சே வேண்டாம்.

தபாலில் போட்டால் ஜெயில்!

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு.

1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் 1976-ல் அமலுக்கு வந்தது. அதன்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழமை உள்ள நாணயமும் "தொல்பொருள்"தான். மத்திய அரசும், அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர, வேறு யாரும் தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது.

மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை ஜெயில். அபராதமும் உண்டு.

1918 ரூபாய்க்கு 2018-லேயே 100 வயது ஆகிவிட்டது. அது சாதாரணக் காசா, தேய்ந்த காசா என்று சட்டம் பார்க்காது. விற்க அல்ல, நம்பர் வாங்கத்தான் என்று சொன்னாலும், கவரில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை, "அம்மா, ஊருக்குத் திரும்பும்போது நானே பையில கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்று சொன்னாலும் விடாதீர்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் பிடித்தால் பிள்ளை மாட்டிக்கொள்வான்.

100 வயது ஆகாத காசு என்றால் தடை இல்லை. ஆனாலும், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புவதே பத்திரம்.

"நாங்க வாங்கி அனுப்பறோம்" என்று சொல்லும் ஏஜெண்டிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். காசு எந்த ஊருக்குப் போகிறது? எந்த அனுமதிச் சீட்டில் போகிறது? வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு? பதில் சொல்ல மழுப்பினால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எப்போது கிரேடு போடலாம்?

கிரேடு வேண்டவே வேண்டாம் என்பது இல்லை. பிரயோஜனப்படும் இடமும் உண்டு.

அபூர்வமான வருஷமாக இருந்தால் போடலாம். 1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் கிடைப்பது கஷ்டம். அதனாலேயே அதில் போலி நிறைய. வேறு வருஷத்துக் காசில் எண்ணைச் சுரண்டி மாற்றி விடும் கில்லாடிகள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட காசில் நம்பரைவிட "அசல்" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் விலை. அந்த வார்த்தைக்காகச் செலவு செய்யலாம்.

1911-ம் ஆண்டு "பன்றி ரூபாய்" இன்னொரு உதாரணம். மன்னர் மேலங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்க்கப் பன்றி போல் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அடித்ததில் பெரும்பகுதியை உருக்கி விட்டார்கள். 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இதிலும் போலி உண்டு. ஆனால் இது 100 வயதைத் தாண்டிய காசு. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்ளூரில் அனுபவமுள்ள நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாதாரண வருஷமாக இருந்தாலும், அச்சில் இருந்து இறங்கிய மாதிரி புழங்காமல் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் முன்னால் சொன்ன கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரே மாதிரி பல காசுகள் இருந்தால் எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் போதும்.

வாங்குபவர்களுக்கு

பெட்டியில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. காசில் போலி வந்தது போல, பெட்டியிலும் போலி வந்துவிட்டது. சீட்டில் உள்ள வரிசை எண்ணை கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும்.

பெட்டியில் இல்லாத காசு என்றால் எடை போடுங்கள். 11.66 கிராமில் இருந்து தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம். 10 கிராம்தான் நிற்கிறது என்றால் சந்தேகம்தான். ஓரத்தைச் சுற்றி வரிவரியாக இருக்க வேண்டும். நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி கோடு ஓடினாலோ, மேலே ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் தெரிந்தாலோ வார்ப்பில் ஊற்றிய போலி.

1616, 1717, 1818 என்று வருஷம் போட்டு, ராமர், அனுமார் படத்தோடு "கிழக்கிந்தியக் கம்பெனி அணா" என்று விற்கிறார்களே, அது நாணயமே அல்ல. கம்பெனி அப்படி ஒரு அணாவை அடித்ததே இல்லை. பூஜையில் வைக்கலாம். பணம் கொட்டக்கூடாது.

ரிசர்வ் வங்கி எச்சரிக்கை

"உங்க காசை 5 லட்சத்துக்கு எடுத்துக்கறோம். முதல்ல வரி, கமிஷன்னு 3 ஆயிரம் கட்டுங்க" என்று போன் வருகிறதா?

உடனே வைத்து விடுங்கள்!

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே சிலர் இப்படி மோசடி செய்தார்கள். பழைய நாணயம், நோட்டு விற்பனையில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பது இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிக்கையே வெளியிட்டது.

வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிறவனிடம் முன்பணம் கேட்டால் அங்கே வியாபாரம் இல்லை, ஏமாற்று வேலை.

கவனிக்க வேண்டியவை

1. வருஷத்தைப் பாருங்கள். கோடிக்கணக்கில் அடித்த வருஷம் என்றால் அவசரம் வேண்டாம்.

2. தேய்த்ததா, வளையம் வைத்ததா, உளிக்குறி உண்டா என்று பாருங்கள். இருந்தால் கிரேடு வேண்டாம்.

3. 100 வயது தாண்டியிருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள்.

4. விற்ற விலையைக் கேளுங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள்.

5. கூடுதலாக வரும் பணம் பெரிதா, செலவு பெரிதா என்று கழித்துப் பாருங்கள்.

6. வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் கதை வேறு. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

பத்திரப்படுத்துவது எப்படி?

விற்க மனம் இல்லாதவர்களுக்குப் பெட்டியும் வேண்டாம், நம்பரும் வேண்டாம்.

ஒவ்வொரு காசையும் தனித்தனியாக வெள்ளைக் காகிதக் கவரில் போடுங்கள். மெத்தென்று வழவழப்பாக இருக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து காசைக் கெடுத்து விடும். ரப்பர் பேண்டும் போடக்கூடாது. வெள்ளி கறுத்துப் போகும். ஈரம் இல்லாத அலமாரியில் வைத்தால் போதும்.

கவரின் மேல் வருஷம், எடை, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று பேனாவால் எழுதி, பிறகு காசை உள்ளே போடுங்கள். பாட்டி எந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய காசு என்பது எந்தக் கம்பெனிச் சீட்டிலும் வராது. வீட்டில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.